ஆட்டுக் கொட்டிலில் ஓர் ஆற்றல் கணக்கு

ஆற்றலை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது என்று மாணவ நண்பர்களாகிய நீங்கள் தேர்வில் பலமுறை எழுதியிருப்பீர்கள். அந்த விதி, வீட்டுக் கொட்டிலில் நிற்கும் சினை ஆட்டுக்கும் பொருந்தும் என்று எப்போதாவது எண்ணிப் பார்த்ததுண்டா?

நான் பள்ளியில் படித்த நாள்களில் எங்கள் வீட்டில் ஒரு தலைச்சேரி ஆடு இருந்தது. வீட்டுக்குப் பால் கொடுத்தது அதுதான். நான்கு மாதச் சினையைக் கடந்த நிலையில், ஒருநாள் தீவனத்தை முகர்ந்துவிட்டு விலகிக்கொண்டது. மற்ற ஆடுகளை விட்டு ஒதுங்கி நின்றது. "சினை ஆடு அப்படித்தாண்டா இருக்கும்" என்றார் பாட்டி. மூன்றாம் நாள் அது எழவில்லை. மறுநாள் இறந்துவிட்டது. அறுத்துப் பார்த்தபோது வயிற்றில் மூன்று குட்டிகள் இருந்தன. யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று பாட்டி அழுதார். அது ஆற்றல் கணக்கில் விழுந்த துண்டு என்பது பல ஆண்டுகளுக்குப் பிறகுதான் எனக்குப் புரிந்தது.

அந்தக் கணக்கைப் பார்ப்போம். வெள்ளாட்டின் சினைக்காலம் ஏறத்தாழ 150 நாள்கள். பிறக்கும் குட்டியின் எடையில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு, கடைசி 6 வாரங்களில்தான் சேர்கிறது. தலா 2 கிலோ எடையுள்ள இரு குட்டிகள் என்று வைத்துக்கொள்வோம். 42 நாள்களில் 3 கிலோ. அதாவது நாளொன்றுக்குச் சுமார் 70 கிராம் உடலைத் தாய் கட்டியாக வேண்டும். 40 கிலோ எடையுள்ள ஆடு சும்மா உயிர்வாழவே நாளொன்றுக்குச் சுமார் 1600 கிலோ கலோரி தேவை. இரட்டைக் குட்டிகளைச் சுமக்கும் கடைசி வாரங்களில் தேவை ஒன்றரை மடங்குக்கும் மேல் போய்விடும். செலவு இப்படி ஏறும் வேளையில் வரவு குறைகிறது. கருப்பை பெருத்து இரைப்பையை நெருக்குவதால் ஆட்டால் முன்போல் வயிறாரத் தின்ன முடிவதில்லை.

வரவு போதாவிட்டால் நாம் சேமிப்பில் கை வைப்போம் அல்லவா? ஆடும் தன் கொழுப்பைக் கரைக்கிறது. வந்து குவியும் கொழுப்பு முழுவதையும் எரிக்க இயலாத கல்லீரல், அதைக் கீட்டோன் பொருள்களாக மாற்றி இரத்தத்தில் விடுகிறது. காற்றுப் போதாத அடுப்பு புகைவதைப் போன்றது இது. கீட்டோன் மிகுந்தால் இரத்தத்தில் அமிலத்தன்மை ஏறுகிறது. குட்டிகள் குளுக்கோசை இழுத்துக்கொள்வதால் தாயின் மூளைக்கு அது போதுவதில்லை. ஆடு தள்ளாடுகிறது, பார்வை மங்குகிறது, பிறகு படுத்துவிடுகிறது. இதுவே சினைக்கால நச்சு நோய். மெலிந்த ஆட்டுக்கு வருவது போலவே மிகக் கொழுத்த ஆட்டுக்கும் இது வரும். எனவே, ஆடு கொழுகொழுவென்று இருக்கிறது என்று நிம்மதி கொள்வதற்கில்லை.

படுத்த பிறகு மருத்துவம் செய்தாலும் பல ஆடுகள் பிழைப்பதில்லை. ஆகவே, ஆடு நிற்கும்போதே அதன் கணக்கை அளந்து பார்க்க நாம் பழக வேண்டும் என்பதே என் கருத்து.

அளக்க வழி உண்டா? உண்டு. சிறுநீரில் கீட்டோனைக் காட்டும் சோதனை ஒன்றை ரோதெரா என்ற அறிஞர் 1908-இல் வெளியிட்டார். சோடியம் நைட்ரோபுருசைடு என்னும் உப்பு, கீட்டோனுடன் சேர்ந்து ஊதா நிறம் தரும். அந்த உப்பு ஏற்றிய பட்டைகள் நீரிழிவு நோயாளிகளுக்காக மருந்துக் கடைகளில் விற்கின்றன. படுத்திருக்கும் ஆட்டை எழுப்பினால் பெரும்பாலும் உடனே சிறுநீர் கழிக்கும். அதில் பட்டையை நனைத்துப் பார்க்கலாம். ஆனால், இரத்தத்தில் மிகுதியாக இருக்கும் பீட்டா ஹைட்ராக்சி பியூட்டிரிக் அமிலத்தை இப்பட்டை காட்டாது. அதை அளக்கக் கையடக்கக் கருவி உண்டு; ஒரு துளி இரத்தம் போதும். லிட்டருக்கு 0.8 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் கவலையில்லை. அதைத் தாண்டினால் துண்டு விழத் தொடங்கிவிட்டது என்று பொருள். 3 மில்லிமோலை எட்டினால் உயிருக்கே ஆபத்து.

"இது கால்நடை மருத்துவரின் வேலை அல்லவா?" என்று கேட்பீர்கள். மருத்துவம் செய்வது அவர் வேலைதான். குளுக்கோசு ஏற்றுவதா, குட்டிகளை முன்னதாகவே வெளியே எடுப்பதா என்பதை அவரே முடிவு செய்வார். ஆனால், அவரை என்றைக்கு அழைக்க வேண்டும் என்பது நாள்தோறும் ஆட்டைப் பார்க்கும் நமக்குத்தானே தெரியும்? பட்டைக்குச் செலவாகுமே என்பவர்கள், ஒரு கறவை ஆட்டின் விலையையும் அதன் குட்டிகளின் விலையையும் கூட்டிப் பார்க்கட்டும். ஊர்தோறும் உள்ள கால்நடை மருந்தகங்கள் இப்பட்டைகளைச் சினை ஆடு வைத்திருப்போருக்குக் கொடுத்துதவினால் இன்னும் நல்லது.

நீங்கள் இன்றே தொடங்கலாம். ஒரு குறிப்பேட்டில் ஆடு சினைப்பட்ட நாளை எழுதி, 150 நாள்களைக் கூட்டி, கடைசி 6 வாரங்களுக்கு அடிக்கோடிடுங்கள். அந்த வாரங்களில் நல்ல பசுந்தீவனத்துடன் மக்காச்சோளமோ கம்போ சிறிது சிறிதாகக் கூட்டிக் கொடுங்கள். ஒரேயடியாகக் கொட்டினால் வயிறு புளித்து வேறு கேடு வரும். வாரம் ஒருமுறை முதுகெலும்பைத் தடவிப் பார்த்து, மெலிகிறதா என்று எழுதுங்கள். ஒரு வேளைத் தீவனத்தை ஒதுக்கினாலும் அன்றே சோதித்துப் பாருங்கள். "சினை ஆடு அப்படித்தான் இருக்கும்" என்று யாராவது சொன்னால், பட்டையின் நிறத்தை அவர்களிடம் காட்டுங்கள்.