துப்பாக்கிக்கு உள்ள மரியாதை தொழிலாளிக்கு இல்லையா?

"குற்றம் செய்யாதவனுக்குச் சோதனை என்றால் ஏன் பயம்?"

திருப்பதி பேருந்து நிலையத்திலும், ரேணிகுண்டா ரயிலடியிலும், சித்தூர்ச் சாலைச் சாவடியிலும் நம்மவர்களைத் தனியே நிறுத்தி, "பையைப் பிரி, எந்த ஊர், எந்த மேஸ்திரி அனுப்பினான்?" என்று கேட்கும்போதெல்லாம் நமக்குச் சொல்லப்படும் உபதேசம் இது. கட்டட வேலைக்கு வந்தவனுக்கும் இதே கேள்விதான், ஏழுமலையானுக்கு முடி கொடுக்க வந்தவனுக்கும் இதே கேள்விதான். தமிழ் பேசும் கூலிக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து நடந்தால் அவர்கள் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்பது இங்கே எழுதப்படாத சட்டம்.

தோழர்களே! இதே உபதேசத்தை இதே ஊரில் உரிமம் பெற்ற துப்பாக்கியைக் கூடத்துச் சுவரில் மாட்டி வைத்திருக்கும் பெரிய மனிதரிடம் சொல்லிப் பாருங்கள். தேர்தல் அறிவிப்பு வந்ததும் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். உடனே அவருக்கு மானம் பொத்துக்கொண்டு வரும். "நான் என்ன ரவுடியா? என் பெயர் ஏன் பட்டியலில் இருக்க வேண்டும்? என் வீட்டுக்குள் போலீஸ் ஏன் வரவேண்டும்?" என்பார்.

அவர் கேட்பது தவறு என்று நாம் சொல்லவில்லை. சட்டமும் அவர் பக்கம்தான் நிற்கிறது. எப்படி நிற்கிறது என்பதைத்தான் உழைக்கும் மக்கள் கவனமாகப் பார்க்க வேண்டும்.

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஒருவன் துப்பாக்கியோடு நடுத்தெருவில் போகிறான். 19ஆம் பிரிவின்படி போலீஸ்காரர் அவனிடம் முதலில் கேட்க வேண்டியது உரிமச் சீட்டு. சீட்டைக் காட்டாவிட்டால்தான் மேல் நடவடிக்கை. அவன் வீட்டில் ஆயுதம் இருப்பது ஆபத்து என்று மாஜிஸ்திரேட்டு கருதினாலும், 22ஆம் பிரிவின்படி அதற்கான காரணத்தை எழுதி வைத்த பிறகே வீட்டைச் சோதனை போட உத்தரவிடலாம். உரிமத்தை ரத்து செய்தால் 17ஆம் பிரிவின்படி காரணம் எழுத வேண்டும். 18ஆம் பிரிவின்படி அவன் மேல்முறையீடு செய்யலாம். தேர்தல் காலத்தில்கூட எல்லாத் துப்பாக்கியையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கி வைக்க முடியாது, பரிசீலனைக் குழு ஒவ்வொருவரையும் தனித்தனியே பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்று அலகாபாத் உயர்நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. 2024லும் சொன்னது.

துப்பாக்கி கையில் இருப்பவனுக்கு இத்தனை வேலிகள்! கையில் துணிப்பையும் பேருந்துச் சீட்டும் வைத்திருப்பவனுக்கு என்ன வேலி?

இரண்டு பதிவேடுகள்

இந்த வேற்றுமை நேற்று முளைத்ததல்ல. வெள்ளைக்காரன் இந்த நாட்டில் இரண்டு பதிவேடுகள் வைத்தான். ஒன்று துப்பாக்கிப் பதிவேடு. 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி இந்தியன் உரிமம் வாங்க வேண்டும், ஐரோப்பியனுக்கு விதிவிலக்கு. மற்றொன்று மனிதர்களின் பதிவேடு. 1871ல் கொண்டுவந்த குற்றப்பரம்பரைச் சட்டத்தை 1911ல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டினான். சித்தூர் மாவட்டம் உருவானதும் அதே 1911ல்தான். பிறந்த குலத்துக்காகவே குறவர் முதலான மக்களின் பெயரை எழுதி, ரேகை பிடித்து, ஊரை விட்டுப் போனால் குற்றம் என்றான்.

1952ல் அந்தச் சட்டம் ஒழிந்தது. அந்தப் புத்தி ஒழிந்ததா? துப்பாக்கிப் பதிவேட்டில் பெயர் உள்ளவர் அப்பீல் போகிறார். ஜவ்வாது மலையிலிருந்தும், சித்தேரி மலையிலிருந்தும், கல்வராயன் மலையிலிருந்தும் பிழைக்க வருகிறவன் எந்தப் பதிவேட்டிலும் பெயர் ஏறாமலே சந்தேகத்துக்குரியவன் ஆகிவிடுகிறான். பெயர் இருந்தால் அடித்துவிடச் சொல்லி மனுவாவது போடலாம். இல்லாத பட்டியலிலிருந்து பெயரை எப்படி நீக்குவது?

2015 ஏப்ரல் 7

சோதனை என்ற சொல் எங்கே போய் முடியும் என்பதை 2015 ஏப்ரல் 7ஆம் நாள் நாம் பார்த்தோம். திருப்பதியை ஒட்டிய சேஷாசலக் காட்டில், சந்திரகிரி எல்லைக்குள், விடியற்காலையில் இரண்டு இடங்களில் 20 தமிழ்க் கூலிகளை ஆந்திர அரசின் செம்மரக் கடத்தல் தடுப்புப் படை சுட்டுக் கொன்றது. எல்லோரும் திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டத்து ஏழைகள். "நூற்றுக்கு மேற்பட்டோர் கோடாலியும் கல்லும் கொண்டு தாக்கினார்கள், தற்காப்புக்குச் சுட்டோம்" என்றது போலீஸ்.

ஆனால் உயிர் தப்பியவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்திடம் சொன்ன கதை வேறு. தங்களோடு வந்தவர்களைப் பேருந்திலிருந்து இறக்கிப் போலீசார் கொண்டுபோனார்கள் என்றார்கள். பக்கத்து இருக்கையில் ஒரு பெண்மணி இருந்ததால்தான் தாம் தப்பியதாக ஒருவர் சொன்னது அன்று பத்திரிகைகளில் வந்தது. ஒரு மனிதனின் உயிர் அவன் எந்த இருக்கையில் உட்கார்ந்தான் என்பதில் தொங்குமானால், அது சட்டத்தின் ஆட்சியா?

ஐதராபாத்தில் அப்போது இருந்த உயர்நீதிமன்றத்தில் கேள்வி எழுந்த பிறகே, கணவனைப் பறிகொடுத்த ஒரு பெண்ணின் புகாரின் மேல் கொலை வழக்குப் பதிவாயிற்று.

யாருடைய துப்பாக்கியை முதலில் சோதிப்பது?

இங்கேதான் விஷயத்தின் ஆணிவேர் இருக்கிறது. ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, கடமையில் இருக்கும் அரசு ஊழியரின் துப்பாக்கிக்கு இந்தச் சட்டத்திலிருந்து விலக்கு அளிக்கிறது. பயிரைக் காட்டுப்பன்றியிடமிருந்து காக்க ஒரு விவசாயி வாங்கும் துப்பாக்கிக்கு உரிமம், எண், புதுப்பித்தல், சோதனை எல்லாம் உண்டு. 20 பேரைக் கொன்ற துப்பாக்கிக்கு அந்த உரிமம் தேவையில்லை.

அதனால்தான் உச்சநீதிமன்றம் 2014 செப்டம்பர் 23ஆம் நாள் மக்கள் சிவில் உரிமைக் கழகத்தின் வழக்கில் 16 நெறிமுறைகளை வகுத்தது. போலீஸ் சுட்டு ஒருவர் இறந்தால் வழக்குப் பதிய வேண்டும். சி.ஐ.டி.யோ வேறு காவல் நிலையமோ விசாரிக்க வேண்டும். மாஜிஸ்திரேட்டு விசாரணை நடக்க வேண்டும். சுட்டவர்கள் தங்கள் ஆயுதத்தைத் தடயவியல் சோதனைக்கு ஒப்படைக்க வேண்டும். அந்த இடத்தில் நீதிமன்றம் ஒரு வரி சேர்த்தது: அரசியல் சட்டத்தின் 20ஆம் பிரிவு தரும் உரிமைக்கு உட்பட்டு. அதாவது, தன்னையே குற்றவாளியாக்கும் சாட்சியைத் தன்னிடமிருந்தே பிடுங்கக்கூடாது என்ற பாதுகாப்பு, சுட்ட போலீஸ்காரருக்கும் உண்டு!

இருக்கட்டும். அந்த உரிமையை நாம் பறிக்கச் சொல்லவில்லை. ஆனால் இந்தத் தீர்ப்பு வந்து ஏழு மாதம்கூட ஆகாத நிலையில் சேஷாசலத்தில் விழுந்த 20 பேருக்கும் அதே 20ஆம் பிரிவும், கைதுக்குக் காரணம் சொல்லி 24 மணி நேரத்தில் மாஜிஸ்திரேட்டு முன் நிறுத்தச் சொல்லும் 22ஆம் பிரிவும், உயிரைக் காக்கும் 21ஆம் பிரிவும் இருந்தனவே! அவற்றை யார் காத்தார்கள்?

2017 ஆகஸ்ட் 24ல் ஒன்பது நீதிபதிகள் கூடி, அந்தரங்க உரிமை அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். அந்த உரிமை மாளிகைக்கு மட்டுமா? செங்கல் சூளைக் குடிசைக்கும், தோளில் தொங்கும் துணிப்பைக்கும் உண்டு.

"வனத்துறைக்காரர்கள் சாகவில்லையா?" என்பார்கள்

செத்தார்கள். 2013 டிசம்பரில் சேஷாசலத்தில் வனத்துறை அதிகாரிகள் இருவர் கொல்லப்பட்டார்கள். அவர்களும் உழைத்துச் சம்பளம் வாங்கியவர்கள்தான், அவர்கள் வீட்டிலும் கண்ணீர் வடிந்தது. அந்தக் கொலையை நாம் நியாயப்படுத்தவில்லை. ஆனால் நடந்தது என்ன? நூற்றுக்கணக்கான தமிழ்க் கூலிகளை வாரிச் சிறையில் அடைத்தார்கள். 2016ல் திருப்பதி நீதிமன்றம் குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை என்று விடுவித்தது. கூட்டத்தோடு பிடித்ததால் கொலைகாரன் கிடைக்கவில்லை. செத்தவர்களின் குடும்பத்துக்கும் நீதி இல்லை, சிறையில் கிடந்தவர்களின் குடும்பத்துக்கும் நீதி இல்லை.

செம்மரம் அழியக்கூடாது என்பதில் நமக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கடல் கடந்து போகும் மரம் கூலிக்காரனின் தோளிலா கப்பல் ஏறுகிறது? லாரி யாருடையது, கிடங்கு யாருடையது, துறைமுகத்தில் முத்திரை குத்தியவன் யார்? அங்கே சோதனை போட்டால் கோடாலி தானாகக் கீழே விழும்.

நம் கோரிக்கை

1. பேருந்திலிருந்து ஒருவரை இறக்கினால் பெயர், நேரம், காரணம் எழுதி அவர் கையில் சீட்டு தர வேண்டும்.

2. காட்டுக்குள் போகும் ஒவ்வொரு படையின் துப்பாக்கி எண்ணும் குண்டுக் கணக்கும் போகுமுன்னும் வந்தபின்னும் வெளியாரின் சோதனைக்கு உட்பட வேண்டும்.

3. தமிழக, ஆந்திர அரசுகள் மலைக் கிராமங்களில் வேலை கொடுக்க வேண்டும். வயிறு நிறைந்தவனைத் தரகன் அழைத்துப் போக முடியாது.

தாய்மார்களே! "ஒரு வாரம் மரம் வெட்டினால் ஒரு மாதக் கூலி" என்று முன்பணம் நீட்டும் தரகனை வாசலிலேயே நிறுத்துங்கள். துப்பாக்கி முன்னால் அவன் நிற்கமாட்டான், உங்கள் பிள்ளைதான் நிற்பான். வேலைக்குப் புறப்படுகிறவர் முதலாளியின் பெயரையும், இடத்தையும், ஊரில் ஒருவரின் தொலைபேசி எண்ணையும் எழுதி வைத்துக்கொள்ளட்டும். யாரையாவது பிடித்துச் சென்றால் அன்றைக்கே சங்கத்துக்குச் சொல்லுங்கள். மறுநாள் என்பது தாமதம்.

பெரிய மனிதரின் துப்பாக்கியைத் தொடுவதற்கு முன் காரணம் எழுத வேண்டும் என்கிறது சட்டம். கூலிக்காரனின் தோளைத் தொடுவதற்கு முன்னும் காரணம் எழுது என்கிறோம் நாம். இதில் சலுகை எங்கே இருக்கிறது? சிந்திப்பீர்!