இரண்டு வால்வுகளை மாற்ற மாநிலமே வாளி தூக்கியது ஏன்?

2024 ஜனவரி 10 முதல் 14 வரை பினாங்கில் இருந்தவர்கள் அந்த நாள்களை மறந்திருக்க மாட்டார்கள். சுங்கை டுவா நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் அருகே 1,200 மில்லிமீட்டர் அளவுள்ள இரண்டு வால்வுகளை மாற்றினார்கள். அதற்காக ஏறத்தாழ 590,000 பயனீட்டாளர் கணக்குகளுக்குத் தண்ணீர் தடைப்பட்டது. தீவு, பெருநிலம் என்று ஐந்து மாவட்டங்களும் அதில் அடங்கும். தைப்பூசத்துக்கு இரண்டே வாரம் இருந்த நேரம். தண்ணீர்ப் பந்தல் வேலையைப் பேசிக்கொண்டிருந்த இளைஞர்கள் வீட்டு வாளிகளையும் பழைய பெயின்ட் தொட்டிகளையும் நிரப்பிக்கொண்டிருந்தார்கள்.

"தண்ணீர் எப்போது வரும்?" என்பதுதான் அப்போது எல்லாரும் கேட்ட கேள்வி. பொறியியல் படிப்பவர்கள் இன்னொன்றையும் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன். இரண்டு வால்வுகளை மாற்ற இத்தனை வீடுகளின் தண்ணீரை ஏன் நிறுத்த வேண்டும்? அதற்கான விடை வால்வுக்குள் இல்லை. அந்த வால்வு எவற்றுக்கு நடுவே நிற்கிறது, அதைச் சுற்றிப் போக வேறு பாதை உண்டா என்பதில் இருக்கிறது.

இதைத்தான் பெரிய அமைப்புகளை வடிவமைப்பவர்கள் 'ஆர்க்கிடெக்சர்' என்கிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் நமக்குக் கட்டடங்கள்தாம் நினைவுக்கு வருகின்றன. விமானம், கணினி வலையமைப்பு, ரயில் சேவை, குடிநீர் விநியோகம் எல்லாவற்றுக்கும் அது உண்டு. எந்தப் பகுதி எந்த வேலையைச் செய்கிறது, எது எதனோடு எப்படி இணைகிறது, ஒன்று நின்றால் எவையெல்லாம் நிற்கும் என்ற ஏற்பாடு அது. தமிழில் 'கட்டமைப்பு' என்றே இங்கு எழுதுகிறேன்.

கொடிமலை ரயிலைப் பாருங்கள். 1923இல் ஓடத் தொடங்கிய அந்த ரயில் கீழ்ப்பகுதி, மேல்பகுதி என இரண்டு தனித்தனி வழித்தடங்களாக இருந்தது. நடு நிலையத்தில் இறங்கி அடுத்த பெட்டிக்கு மாற வேண்டும். மலையுச்சிக்குப் போக அரை மணி நேரம் பிடித்தது. 1977இல் புதிய பெட்டிகள் வந்தன. ஆனாலும் நடுவில் இறங்கி ஏறுவது மட்டும் மாறவில்லை. 2010இல் சேவையை நிறுத்தி, தடத்தை ஒரே ஓட்டமாக மாற்றி, 2011இல் மீண்டும் திறந்தார்கள். இப்போது பத்து நிமிடத்துக்குள் மேலே போய்விடலாம். 1977இல் உறுப்பை மாற்றினார்கள்; 2011இல் கட்டமைப்பை மாற்றினார்கள். அந்தப் பழைய மரப்பெட்டிகளின் படத்தைப் பார்த்தால் எனக்கு ஏக்கம் வரத்தான் செய்கிறது, அது வேறு விஷயம்.

தண்ணீருக்கு வருவோம். தொடக்க கால ஜார்ஜ்டவுன், மலையிலிருந்து இறங்கும் ஓடைகளை நம்பியிருந்தது. தண்ணீர்மலை என்ற பெயரே அங்குள்ள அருவியால் வந்ததுதான். ஊருக்கும் துறைமுகத்துக்கு வந்த கப்பல்களுக்கும் அந்த அருவி நீர் கொடுத்தது. பிறகு ஊர் பெருத்தது. 1972இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வாணிப வட்டாரம் திறக்கப்பட்டது. தொழிற்சாலைகளும் வீடமைப்புப் பகுதிகளும் பெருகின. மலையோடைகளும் தீவின் அணைகளும் அதற்குப் போதவில்லை. பெருநிலத்தின் வடக்கு எல்லையில் ஓடும் சுங்கை மூடாவை நோக்கித் திரும்ப வேண்டியதாயிற்று.

இன்று மாநிலத்தின் கச்சா நீரில் 80 விழுக்காட்டுக்கும் மேல் அந்த ஒரே ஆற்றிலிருந்து வருகிறது. அதன் பெரும்பகுதி சுங்கை டுவா என்ற ஒரே நிலையத்தில் சுத்திகரிக்கப்படுகிறது. தீவுக்கு அது கடலடிக் குழாய்கள் வழியாக வந்து சேர்கிறது. முடிவெடுத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. ஒரு பெரிய நிலையத்தை நடத்துவது பத்துச் சிறிய நிலையங்களை நடத்துவதைவிடச் செலவு குறைவு. நீண்ட காலம் குறைந்த தண்ணீர்க் கட்டணத்தைச் சொல்லிப் பெருமைப்பட்ட மாநிலம் நாம். அந்த மலிவுக்கு இந்த ஏற்பாடும் ஒரு காரணம் என்பது என் கருத்து. பல கிளைகள் ஓரிடத்தில் குவிந்தால் அந்த இடத்தில் நிற்கும் வால்வை நினைத்தபோது கழற்ற முடியாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். வால்வு பொருத்தும் வேலை முடிந்த உடனே எல்லார் வீட்டிலும் தண்ணீர் வரவில்லை. வற்றிய குழாய்கள் நிரம்ப வேண்டும், உள்ளே புகுந்த காற்று வெளியேற வேண்டும், நீர்த்தேக்கத் தொட்டிகள் மட்டம் ஏற வேண்டும். மேட்டுப் பகுதிகளுக்கும் குழாய்வழியின் கடைசியில் இருப்பவர்களுக்கும் நீர் கடைசியாகத்தான் போய்ச் சேரும்.

இதைப் படித்தபோது ஹெர்பர்ட் சைமன் 1962இல் எழுதிய ஒரு கட்டுரை நினைவுக்கு வந்தது. அதில் இரண்டு கடிகாரக்காரர்கள் வருகிறார்கள். இருவர் செய்யும் கடிகாரத்திலும் ஆயிரம் உறுப்புகள். ஒருவர் ஆயிரத்தையும் ஒரே மூச்சில் கோக்கிறார். நடுவில் வேலையைக் கீழே வைத்தால் அத்தனையும் உதிர்ந்துவிடும். மற்றவர் பத்துப் பத்தாகச் சேர்த்துத் தனித்து நிற்கும் துண்டுகளாக்கி, பிறகு அவற்றை இணைக்கிறார். தொலைபேசி மணி அடித்தால் இவருக்குக் கையிலிருக்கும் ஒரு துண்டுதான் போகும். இருவருக்கும் திறமை ஒன்றுதான். முதலாமவர் கடையை மூட நேர்கிறது.

குடிநீர் அமைப்பிலும் அந்தத் துண்டுகளை உருவாக்கலாம். ஒவ்வொரு வட்டாரமும் சில நாள் தன் தொட்டி நீரிலேயே தாக்குப்பிடிப்பது, முக்கியக் குழாய்களுக்கு இணையாக இன்னொரு வழி, பழுதுபார்க்கும் பகுதியை மட்டும் தனித்து மூடும்படி கூடுதல் வால்வுகள். இவை எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். சாதாரண நாளில் அந்தக் குழாய் சும்மா கிடப்பதுபோல் தெரியும். ஆனால் சாலையில் நாம் இதைச் செய்திருக்கிறோம். 1985இல் முதல் பாலம் திறந்தது, 2014இல் பத்து காவானுக்கும் பத்து மாவுங்குக்கும் இடையே இரண்டாவது. முதல் பாலத்தில் விபத்து நடந்து வாகனங்கள் நிற்கும் நாளில் இரண்டாவதை வீண்செலவு என்று யாரும் சொல்வதில்லை.

சிக்கலின் மிகக் கடினமான பகுதி குழாயில் இல்லை. சுங்கை மூடா கெடாவிலிருந்து வருகிறது. அந்த நீருக்குப் பினாங்கு பணம் தர வேண்டும் என்று கெடா பல ஆண்டுகளாகக் கேட்கிறது, பினாங்கு மறுக்கிறது. கட்டமைப்புப் பாடத்தில் இரண்டு பகுதிகள் சந்திக்கும் இடத்தை 'இடைமுகம்' என்பார்கள். நமக்கு அங்கே இருப்பது ஒரு மாநில எல்லை. சுங்கை பேராவிலிருந்து நீர் கொண்டுவரும் யோசனையும் நெடுநாளாகப் பேச்சில் இருக்கிறது. அதுவும் இன்னோர் எல்லையைத் தாண்டித்தான் வர வேண்டும். இருந்தாலும் இரண்டாவது ஆறு வேண்டும் என்பதே என் நிலை. ஆற்றில் நீர் குறைந்த ஆண்டில் அவசரமாகப் பேசி முடிக்கும் காரியமல்ல அது. குழாய் போட்டால் ஐம்பது ஆண்டு அங்கேதான் இருக்கும். அதன் பலனையும் பாதிப்பையும் பார்க்கப் போகிறவர்கள் இன்று படிவம் நான்கில் இருப்பவர்கள்.

எங்கள் வகுப்புகளில் பம்பைக் கணக்கிடுகிறோம், குழாயின் அழுத்தத்தைக் கணக்கிடுகிறோம். அந்தக் குழாய் ஏன் அந்த வழியில் போக வேண்டும் என்ற கேள்வி தேர்வுத்தாளில் வருவது அரிது. பள்ளியில் இருப்பவர்கள் அறிவியல் மன்றத்தில் இதைச் செய்து பார்க்கலாம். உங்கள் வீட்டுக் குழாயில் தொடங்கி, பகுதியின் நீர்த்தொட்டி, சுத்திகரிப்பு நிலையம், ஆறு வரை ஒரு படம் வரையுங்கள். தெரியாத இடத்தை நீர் விநியோக நிறுவனத்துக்கு எழுதிக் கேளுங்கள். வரைந்து முடித்ததும் ஒவ்வொரு கோட்டிலும் விரலை வைத்து, இது அறுந்தால் வேறு எந்த வழியில் தண்ணீர் வரும் என்று பாருங்கள். வழியே இல்லாத கோடுகளைச் சிவப்பில் குறித்து, அந்தப் படத்தை உங்கள் சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்தில் கொண்டுபோய்க் கொடுங்கள்.