"சேர், ஒரு கையொப்பம் மட்டும்தான்"



கொஞ்சம் நீளமான பதிவு. வீடு கட்ட லோன் எடுக்கும் யோசனையில் இருப்பவர்களும், யாருக்காவது பிணை நின்றவர்களும் நேரமெடுத்து வாசியுங்கள்.

எங்கள் ஊரில் "கிரிப்பில் அடிபட்ட ஆள்" என்று ஒரு புது வகை உருவாகியிருக்கிறது. கொலை செய்தவரைப் பற்றிப் பேசுவதுபோல் குரலைத் தாழ்த்திச் சொல்கிறார்கள். இவர்களில் பாதிப்பேர் தங்களுக்கென்று ஒரு சதமும் கடன் வாங்காதவர்கள் என்பதுதான் எனக்குப் பொறுக்க முடியாத விஷயம்.

எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியர். இருபது வருடத்துக்கு மேல் சேவை. மூத்த மகளுக்கு நிகாஹ் பேசியாகிவிட்டது. கிழக்கில் பெண் பிள்ளையைப் பெற்றவர்களுக்கு அதன் அர்த்தம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வளவு இருக்கிறது, சுவர் எழும்பியிருக்கிறது, பிளேட் போடக் காசில்லை. (சீதன வீடு சரியா பிழையா என்பது வேறு பதிவு. அந்தச் சண்டையை இங்கே தொடங்க வேண்டாம்.) பதினைந்து இலட்சத்துக்கு விண்ணப்பித்தார். சம்பளப் பட்டியல், உறுதி, வரைபடம் எல்லாம் சரி. இரண்டு கிழமைக்குப் பிறகு வங்கியில் சொன்னது ஒரே வசனம்: "சேர், கிரிப் சரியில்ல."

என்ன சரியில்லை, எவ்வளவு, யாருடைய கடன்? ஒன்றும் சொல்லவில்லை. கடைசியில் தானே அறிக்கை எடுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. 2017 இல் பக்கத்து வீட்டுத் தம்பி ஒருவர் லீசிங்கில் முச்சக்கரவண்டி எடுக்க இவர் பிணைக் கையொப்பம் வைத்திருக்கிறார். 2020 இல் கொரோனா ஊரடங்கு. ஓடாத வண்டிக்கு எங்கிருந்து தவணை கட்டுவது? அடுத்த வருடம் நிதி நிறுவனம் வண்டியைத் தூக்கி ஏலத்தில் விற்றது. விற்ற காசு கடனுக்குப் போதவில்லை. மிச்சத்துக்குத் தாமத வட்டி ஏறி ஏறி மூன்று இலட்சத்தைத் தாண்டி நிற்கிறது. தம்பி இப்போது சவூதியில். இத்தனையும் நடந்தபோது சேருக்கு ஒரு கடிதம் வரவில்லை, ஒரு தொலைபேசி அழைப்பு வரவில்லை. தன்னுடைய கடனில் ஒரு தவணைகூடத் தவறாத மனிதர்.

கிரிப் என்று நாங்கள் சொல்வது இலங்கை கொடுகடன் தகவல் பணியகத்தை. 1990 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவாக்கப்பட்டது. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தங்களிடம் கடன் பெற்றவர்களின் விபரங்களை அங்கே கொடுக்கின்றன. புதிதாகக் கடன் கொடுக்க முன் அங்கே பார்க்கின்றன. நீங்கள் எடுத்த கடன் மட்டுமல்ல, பிணை நின்ற கடனும் உங்கள் அறிக்கையில் வரும். இஸ்லாமிய வங்கிப் பிரிவில் முராபஹாவோ இஜாராவோ எடுத்தாலும் அதே பதிவுதான், ஆகவே "நாங்க வட்டிக்கு எடுக்கல்லயே" என்று யாரும் நிம்மதியாக இருக்க வேண்டாம்.

கிரிப் ஒரு கறுப்புப் பட்டியல் அல்ல. அவர்கள் யாருக்கும் கடன் கொடு என்றும் சொல்வதில்லை, கொடுக்காதே என்றும் சொல்வதில்லை. இருக்கும் தகவலைக் கொடுக்கிறார்கள், முடிவெடுப்பது வங்கி. ஆகவே "கிரிப் விடல்ல" என்று கிளையில் ஓர் உத்தியோகத்தர் சொன்னால், தன் வங்கியின் முடிவை இன்னொருவர் தலையில் போடுகிறார் என்றுதான் அர்த்தம். அந்தச் சேரின் சம்பளத்தையும், சொந்தக் கடன்களை அவர் கட்டிய ஒழுங்கையும் ஒரு பக்கம் வைத்து, பிணையில் வந்த நிலுவையை மறுபக்கம் வைத்து நிறுத்துப் பார்க்க வங்கிக்கு முடியும். செய்வதில்லை. கணினித் திரையில் ஒரு வரியைப் பார்த்தவுடன் கோப்பு மூடப்படுகிறது.

கடன் விபரத்தைச் சேகரிப்பதே அநியாயம் என்று நான் சொல்லவில்லை. ஐந்து இடத்தில் கடன் வைத்துக்கொண்டு ஆறாவது இடத்துக்குப் போகிறவரைத் தடுக்க அது தேவை. எங்கள் பெண்கள் நுண்கடன் கம்பனிகளில் மாறி மாறி எடுத்துச் சீரழிந்ததை இந்த ஊரே பார்த்தது. என் கோபம் வேறு. கடனாளி முதல் தவணையைத் தவறவிடும்போதே பிணையாளிக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்ப எவ்வளவு செலவாகும்? அன்றைக்கே தெரிந்திருந்தால் அந்தச் சேர் தம்பியின் வாப்பாவோடு பேசியிருப்பார், வண்டியை நல்ல விலைக்கு விற்றுக் கணக்கை முடித்திருப்பார். சொல்லாமல் விட்டு, வட்டி வளர்ந்த பிறகு பெயரை ஏற்றுவது எந்த நியாயத்தில் சேரும்?

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். 2022 ஏப்ரல் 12 அன்று இந்த நாடே வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. அடுத்த மாதம் ஃபிட்ச் நிறுவனம் நாட்டைக் கடன் கட்டத் தவறியோர் தரத்துக்கு இறக்கியது. அதாவது நாட்டுக்கே கிரிப் அடித்தது. பிறகு 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் ஏறத்தாழ 3 பில்லியன் டொலர் திட்டத்தோடு வந்தது. கடன் கொடுத்தவர்கள் உட்கார்ந்து பேசினார்கள், தவணை நீண்டது, ஒரு பகுதி கழித்தும் விடப்பட்டது. 2024 டிசம்பரில் தரமும் உயர்ந்தது. நல்லது, அப்படித்தான் செய்ய வேண்டும். ஆனால் அதே 2022 இல் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டபோது, மத்திய வங்கி ஒரே நாளில் வட்டியை 7 வீதப் புள்ளிகள் உயர்த்தியபோது தவணை தவறிய ஓட்டோக்காரருக்கும் அவருக்குப் பிணை நின்ற ஆசிரியருக்கும் யார் மேசை போட்டுப் பேசினார்கள்?

அமெரிக்காவில் இது இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறது. அங்கே பல மாநிலங்களில் வீட்டுக் காப்புறுதிக்கே கடன் வரலாற்றைப் பார்க்கிறார்கள். சரியில்லை என்றால் கட்டணம் கூடும், அல்லது காப்புறுதியே மறுக்கப்படும். காப்புறுதி இல்லாவிட்டால் வீட்டுக் கடனும் இல்லை. கலிஃபோர்னியா, மேரிலாந்து போன்ற சில மாநிலங்கள் இதைத் தடுத்திருக்கின்றன. தவணை தவறியதற்கும் வீட்டில் தீப்பிடிப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க அங்கே ஆட்கள் இருந்திருக்கிறார்கள். இங்கே நாங்கள் வங்கியில் கேட்க வேண்டிய சின்னக் கேள்வியைக்கூடக் கேட்பதில்லை.

இனி எங்கள் பக்கத்துக்கு வருவோம். ஊரில் லோனுக்குப் பிணையாள் தேவையென்றால் முதலில் தேடுவது ஆசிரியர்களைத்தான். நிரந்தரச் சம்பளம், ஓடிப்போக மாட்டார், முகத்துக்கு நேரே மறுக்கவும் மாட்டார். "சேர், ஒரு கையொப்பம் மட்டும்தான், பயப்பிடாதீங்க, நான் கட்டிருவன்." படிவத்தை யாரும் வாசிப்பதில்லை. கடனாளியைத் துரத்தாமலே நேராகப் பிணையாளியிடம் அறவிடலாம் என்ற நிபந்தனை பெரும்பாலான படிவங்களில் இருக்கும். அதற்கும் சேர்த்துத்தான் கையொப்பம் வைக்கிறோம்.

பிணை நிற்பது மார்க்கத்தில் சிறப்பான காரியம் என்று சிலர் ஹதீஸ் சொல்வார்கள். உண்மைதான். கடனோடு இறந்த ஒருவருக்கு ஜனாஸா தொழுவிக்க நபி (ஸல்) அவர்கள் முன்வராதபோது, அபூ கதாதா (ரலி) அந்தக் கடனைத் தன் பொறுப்பில் எடுத்தார்கள். ஆனால் எத்தனை தீனார் என்று தெரிந்துகொண்டுதான் எடுத்தார்கள். அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனை எழுதி வைப்பது பற்றியது. எழுதச் சொன்ன மார்க்கத்தில் இருந்துகொண்டு, வாசிக்காமல் கையொப்பம் வைக்கிறோம். கடன் எடுத்தவர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. கட்ட முடியாமல் போனால் நிதி நிறுவனத்துக்கு ஒளிந்தாலும் பரவாயில்லை, பிணை நின்றவருக்கு ஒளியாதீர்கள். அவருக்கு அன்றைக்கே சொல்லுங்கள்.

பிணை நின்றவர்கள் இப்போதே செய்யக்கூடியது இருக்கிறது. ஆளடையாள அட்டை விபரத்தோடு விண்ணப்பித்து, கட்டணம் செலுத்தி, உங்கள் கிரிப் அறிக்கையை நீங்களே பெறலாம். லோனுக்குப் போகும்வரை காத்திருக்க வேண்டாம். பிழையான பதிவு இருந்தால் ஆட்சேபனை தெரிவியுங்கள். தகவல் கொடுத்த நிறுவனம்தான் அதைத் திருத்த வேண்டும். கடன் முடிந்திருந்தால் முடித்த கடிதத்தைக் கேட்டு வாங்கி வையுங்கள். விண்ணப்பம் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் மத்திய வங்கியின் நிதி வாடிக்கையாளர் பிரிவு இருக்கிறது, இலக்கம் 1935.

பள்ளிவாசல் நிர்வாகத்திடமும் ஒன்று கேட்கிறேன். ஸகாத் பெறத் தகுதியான எட்டுக் கூட்டத்தாரில் கடன்பட்டவர்களும் ஒருவர். வருடா வருடம் தையல் இயந்திரமும் சைக்கிளும் கொடுக்கிறோம். கடனாளியால் கட்டவே முடியாது என்று உறுதியாகத் தெரிந்த, பிணை நின்றவரின் வீட்டையும் சேர்த்து இழுக்கிற நிலுவைகளில் இந்த வருடம் இரண்டையாவது எடுத்து, நிதி நிறுவனத்தோடு பேசி, தாமத வட்டியைக் கழிக்கச் சொல்லி மிச்சத்தை முடித்துக் கொடுக்கலாம். பள்ளி நிர்வாகத்தில் நாலு பேர் சேர்ந்து போய்ப் பேசினால் நிறுவனக்காரர் இறங்கி வருவார்கள், தனி ஆளாகப் போனால்தான் வாசலோடு அனுப்புவார்கள். அடுத்த நிர்வாகக் கூட்டத்துக்கு இதை எழுத்தில் கொடுக்கிறேன். இதே நிலையில் இருப்பவர்கள் உள்பெட்டியில் எழுதுங்கள், பெயர் வெளியே வராது.