டீ ஆறுவதற்குள் ஒரு நோய்

2025 ஏப்ரலில் நடிகர் ஸ்ரீ மெலிந்து தோன்றிய படங்கள் பரவியபோது, பேக்கரியில் டீ ஆறுவதற்குள் ஆளுக்கொரு நோயின் பெயர் சொன்னோம். பழைய முகத்தையும் புதிய முகத்தையும் அருகருகே ஒட்டிய படம் கைக்குக் கை மாறியது. ஏப்ரல் 18இல், ‘மாநகரம்’ படத்தில் அவரை இயக்கிய நம் கிணத்துக்கடவுக்காரர் லோகேஷ் கனகராஜ், குடும்பத்தின் சார்பில் அறிக்கை விட்டார்: நிபுணர்களின் சிகிச்சையில் இருக்கிறார், யூகங்கள் வேண்டாம். “அக்கறையிலதானுங்க கேட்டோம்” என்பார்கள். இருக்கலாம், ‘யாராவது பாருங்கள்’ என்ற முதல் கூக்குரலை நான் குறை சொல்லவில்லை. ஆனால் சிகிச்சை தொடங்கிய பிறகும் காரணம் துருவுவது என்ன அக்கறை? பிரபலம் என்றால் பேசத்தானே செய்வார்கள் என்றால், நடிப்பைப் பேசலாம். மருந்துச் சீட்டு நம் பொதுச்சொத்தல்ல. 2017ஆம் ஆண்டு மனநல பராமரிப்புச் சட்டம், மனநல நிலையத்தில் சிகிச்சை பெறுபவரின் ஒப்புதலின்றி அவர் படத்தைக்கூட ஊடகத்துக்குத் தரக்கூடாது என்கிறது. நம் கைபேசிக்கு அந்தக் கூச்சம் இல்லை. இந்தப் பேச்சையெல்லாம் பக்கத்து மேசையில் கேட்டுக்கொண்டிருக்கும், நாலு நாளாகத் தூங்காத தறிக்காரர், தன் விஷயத்தை இனி யாரிடம் வாய் திறப்பார்?