பூனையை அடைத்து வைத்தால் பாவமா? டேப் ஒட்டிய பெட்டிக்குள் கிடந்த குட்டிகளைக் கேளுங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. பூனை வளர்க்கிறவர்கள் முழுதாக வாசியுங்கள். வளர்க்காதவர்கள் பக்கத்து வீட்டுக்கு அனுப்பி விடுங்கள்.

போன திங்கட்கிழமை காலை எங்கள் பாடசாலைக் கேற்றடியில் ஒரு பிஸ்கட் பெட்டி கிடந்தது. மேலே டேப் ஒட்டியிருந்தது. தரம் மூன்று பிள்ளைகள்தான் சத்தம் கேட்டுப் பிரித்திருக்கிறார்கள். உள்ளே நான்கு பூனைக்குட்டிகள். இரண்டு செத்துக் கிடந்தன. மற்ற இரண்டும் கத்தக்கூடத் தெம்பில்லாமல் வாயை மட்டும் திறந்து திறந்து மூடின. அன்று முதல் பாடவேளை நான் கணிதம் படிப்பிக்கவில்லை. அழுத பிள்ளைகளைத் தேற்றத்தான் நேரம் சரியாக இருந்தது.

பின்னேரம் பிள்ளைகளைக் கூட்டிப் போக வந்த உம்மாமாரிடம் சொன்னேன்: "வீட்டுப் பூனையை வீட்டோட வெச்சிக்கங்க. இப்படித் திரிய விடுறதாலதான் இந்த நிலைமை." உடனே ஒருவர் சொன்னார்: "டீச்சர், பூனைய அடைச்சி வெச்சா மிச்சம் பாவம். அந்தப் பொம்புள நரகத்துக்குப் போன ஹதீஸ் தெரியாதா?" சுற்றி நின்றவர்களும் தலையாட்டினார்கள்.

ஹதீஸ் தெரியும் சகோதரிகளே. புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிற ஹதீஸ் அது. அந்தப் பெண் பூனையை அடைத்து வைத்தாள். உணவும் கொடுக்கவில்லை, தண்ணீரும் கொடுக்கவில்லை, தானாகத் தேடித் தின்னவும் விடவில்லை. பூனை செத்தது. அதற்காகத் தண்டிக்கப்பட்டாள். நாம் முதல் துண்டை மட்டும் பிடித்துக்கொண்டு, பட்டினி போட்டதை விட்டுவிட்டோம். வேளைக்குச் சாப்பாடு, தண்ணீர், படுக்க இடம், விளையாட ஆள், எல்லாம் உள்ள வீட்டில் கதவைச் சாத்தி வைப்பதும் அவள் செய்ததும் ஒன்றா?

சரி, அந்த ஹதீஸை வைத்தே இன்னொன்று கேட்கிறேன். பால்குடி மறக்காத குட்டிகளைப் பெட்டியில் போட்டு, டேப் ஒட்டி, இரவோடிரவாகக் கேற்றடியில் வைத்தவர் அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் நிற்கிறாரா, ஜன்னலுக்கு வலை அடித்துப் பூனையை வளர்ப்பவர் நிற்கிறாரா?

அந்தக் குட்டிகள் வானத்திலிருந்து விழவில்லை. யாரோ ஒருவரின் வீட்டுப் பெண் பூனை "சுதந்திரமாக" வெளியே போய் வந்ததால் வந்தவை. பெண் பூனை ஐந்து, ஆறு மாதத்திலேயே சினைப்படும். சுமார் ஒன்பது கிழமையில் குட்டி போடும். குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி சினைப்படவும் முடியும். முதல் ஈற்றுக் குட்டிகளைப் பிள்ளைகள் கொஞ்சுவார்கள். இரண்டாவது ஈற்றைச் சொந்தக்காரர் வீடுகளுக்குக் கொடுப்போம். மூன்றாவதிலிருந்து மீன் சந்தை, பள்ளிவாசல் மதிலோரம், பாடசாலைக் கேற்.

கருத்தடை செய்யலாமே என்றால், "அது கூடுமா?" என்று கேட்கிறார்கள். நல்ல கேள்வி. தேவை இருந்து, மிருகத்துக்குக் கேடு வராவிட்டால் செய்யலாம் என்று சொல்லும் உலமாக்கள் இருக்கிறார்கள். கூடாது என்பவர்களும் இருக்கிறார்கள். நீங்கள் நம்பும் ஆலிமிடம் கேளுங்கள். ஆனால் கூடாது என்று முடிவெடுத்தால் உங்களுக்கு மிஞ்சியிருப்பது ஒரே வழிதான்: கதவு. கருத்தடையும் வேண்டாம், கதவையும் சாத்த மாட்டேன் என்றால், அடுத்த பெட்டிக்கு இப்போதே டேப் வாங்கி வையுங்கள்.

இரண்டாவது விஷயம் இதைவிடப் பயங்கரமானது. சில மாதங்களுக்கு முன் என் வகுப்புப் பையன் ஒருவனின் கையில் கீறல் கண்டேன். கேட்டதற்கு முதலில் முள் என்றான். பிறகுதான், ஒழுங்கையில் நின்ற பூனையைத் தூக்கப் போய் மூன்று நாளாகிறது, உம்மா ஏசுவா என்று சொல்லவில்லை என்று அழுதான். அன்றே வாப்பா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினார். விசர்நோய் நாயால் மட்டும் வருவதல்ல, பூனையாலும் வரும். அறிகுறி தெரிந்த பிறகு மருந்து கிடையாது. அந்தப் பூனை யாருடையது என்று தெரிந்திருந்தால், தடுப்பூசி போட்டதா என்று கேட்டிருக்கலாம். இரண்டு வாரம் அடைத்து வைத்துக் கவனித்திருக்கலாம். ஒழுங்கையில் ஒருவர் வாய் திறக்கவில்லை. சோறு வைக்கும்போது "எங்கட பூனை", பிள்ளையைக் கீறிய பிறகு "தெருப் பூனை". அல்ஹம்துலில்லாஹ், பிள்ளை ஊசிகளைப் போட்டு நலமாக இருக்கிறான். பெற்றோரே, பூனை கடித்தாலோ கீறினாலோ சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சொன்னால் ஏச மாட்டோம் என்றும் பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்.

"பூனையின் இயற்கை திரிவதுதானே?" என்பார்கள். எங்கள் வீட்டுச் சீனியும் அப்படித்தான் திரிந்தது. நானும் இதே வசனத்தைச் சொன்னவள்தான். மஃரிபுக்குப் பிறகு ஒருநாள் பிரதான வீதியில் வேன் அடித்துப்போட்டது. என் மகன் அதைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தான். வீதி நிறைய மோட்டார் சைக்கிள், எலிக்கு வைத்த நஞ்சு, வெறி நாய், இவற்றுக்கு நடுவில் பூனைக்கு இயற்கை எங்கே இருக்கிறது? நஞ்சு தின்ற எலியைத் தின்றாலும் பூனை சாகும்.

"எலி பிடிக்குமே?" வீட்டு எலியை வீட்டுக்குள் இருந்தும் பிடிக்கும். வெளியே போனால் வயிறு நிறைந்த பூனையும் குருவி, அணில், ஓணான் என்று கண்டதையும் பிடிக்கும். பசிக்காக அல்ல, வேட்டைப் பழக்கத்தால். தாய்க்குருவியிடமிருந்து குஞ்சுகளை எடுத்தவர்களிடம் திருப்பி வைக்கச் சொன்ன நபியின் உம்மத் நாம். அபூதாவூதில் இருக்கிறது. மீன் தலையையும் மிச்சச் சோற்றையும் வீதியில் கொட்டுவதை நிறுத்தினால் எலி தானாகக் குறையும்.

அண்டை வீட்டாரின் ஹக்கையும் மறந்துவிடாதீர்கள். நம்ம ஊர் மதிலுக்கு மதில் ஒட்டிய ஊர். உங்கள் பூனை உங்கள் வளவில் மலம் கழிப்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் பிள்ளைக்கு விளையாடக் குவித்த மணலில்தான் கழிக்கிறது.

எப்படிச் செய்வது? எனக்குப் பலித்ததைச் சொல்கிறேன்.

பூனை அதிகம் வேட்டையாடுவது கருக்கலிலும் விடியலிலும். ஆகவே முதலில் மஃரிபிலிருந்து காலை வரை உள்ளே வையுங்கள். இரவுச் சாப்பாட்டை மஃரிபுக்குக் கொஞ்சம் முன் மட்டும் கொடுங்கள். பசியோடு தானாக வரும். வந்ததும் கதவைச் சாத்துங்கள்.

பழைய பேசினில் மூன்று, நான்கு அங்குலத்துக்கு மணல் போட்டு, சாப்பாட்டுக் கோப்பைக்குத் தூரமாக வையுங்கள். தினமும் அள்ளுங்கள். கர்ப்பிணிகள் அதில் கை வைக்க வேண்டாம், அந்த மலத்தால் வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கும் நோய் தொற்றலாம்.

நுளம்பு வலையைப் பூனை கிழித்துவிடும். கம்பி வலை அடித்தால் காற்றும் வரும், பூனையும் போகாது.

முதல் சில நாட்கள் கதவடியில் நின்று கத்தும். ஒரு மணித்தியாலம் கத்திய பிறகு திறந்தால், ஒரு மணித்தியாலம் கத்தினால் திறக்கும் என்று படித்துக்கொள்ளும். அழுதால் போன் கொடுத்துப் பழக்கிய பிள்ளை மாதிரித்தான். கத்துவது அலுப்பினாலும்தான். கயிற்றில் கடதாசி கட்டிக் காலையும் மாலையும் பத்து நிமிடம் விளையாடுங்கள்.

வருடக்கணக்காகத் தெருவில் வளர்ந்த பெரிய பூனையை ஒரே நாளில் அடைக்கச் சொல்லவில்லை. அதற்கு இரவு மட்டும் போதும். குட்டியிலிருந்து வளர்ப்பதைப் பழக்குவது சுலபம்.

தடுப்பூசியும் வருடா வருடம் போடுங்கள். மிருக வைத்தியரிடமோ எம்.ஓ.எச். அலுவலகத்திலோ கேட்டால் எப்போது, எங்கே என்று சொல்வார்கள்.

அபூ கதாதா (ரழி) வுழூச் செய்ய வைத்த தண்ணீரில் பூனை வாய் வைக்க வந்தபோது, அது குடிப்பதற்காகப் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார்கள். பூனை அசுத்தமானதல்ல, உங்களைச் சுற்றி வருகிறவற்றில் ஒன்று என்று நபியவர்கள் சொன்னதையும் எடுத்துச் சொன்னார்கள். நம்மைச் சுற்றி வருகிற பிராணியை வீதியைச் சுற்ற விட்டுவிட்டு, பூனை மீது அன்பு என்று சொல்கிறோம்.

அந்தப் பெட்டியில் மிஞ்சிய இரண்டில் ஒன்று அன்றிரவே செத்தது. மற்றது எங்கள் வீட்டில் இருக்கிறது, கதவு சாத்தித்தான் இருக்கிறது. என் மீது பாவம் என்று நினைப்பவர்கள் தாராளமாக வந்து பாருங்கள். வரும்போது கேற்றை மூடிவிட்டு வாருங்கள்.

வஸ்ஸலாம்.