கட்டிமணியைத் திட்டினவங்களுக்கு (என்னையும் சேர்த்துத்தான்)

நைட் டியூட்டி முடிஞ்சு அரியாங்குப்பத்துல டீக்கடையில நின்னா, பக்கத்துல ரெண்டு பசங்க சண்டை. "கீப்பராலதான்டா தோத்தோம்." இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டாலே எனக்கு பிபி ஏறும். கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கோங்க.

2015 டிசம்பர் 20, ஐஎஸ்எல் ஃபைனல், கோவா ஃபடோர்டா மைதானம். லீக் பட்டியல்ல முதலிடம் பிடிச்ச எஃப்சி கோவாவும் நம்ம சென்னையினும். 87-வது நிமிஷத்துல கோவா 2-1. கோப்பை கையில. 90-வது நிமிஷம் கோவா கீப்பர் லட்சுமிகாந்த் கட்டிமணி கையில பட்டு பந்து அவரோட வலைக்குள்ளேயே போச்சு. அடுத்து மென்டோசா ஒண்ணு. சென்னை 3-2.

நம்ம ஊர்ல எல்லாரும் குதிச்சோம். கட்டிமணி மீம் நானும் நாலு குரூப்புக்கு அனுப்பினேன்.

அதே மேட்ச்ல அவர் ரெண்டு பெனால்டியைத் தடுத்தார்னு எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கு? முதல் பெனால்டி தட்டுப்பட்டுத் திரும்பி வந்தது. ஓடிவந்து அதைத் திருப்பி அடிச்சு கோலாக்கினவர் அதே பெலிசாரிதான். அப்போ கோவா டிஃபன்ஸ் எங்க இருந்துச்சு? பெனால்டியே ஏன் ரெண்டு தடவை வந்தது? யாரும் கேக்கல. கடைசியா கை வெச்சவன் மாட்டினான்.

எங்க தொழில்லயும் இதேதான். ராத்திரி ரெண்டு மணிக்கு, மூணு இடம் சுத்தி, மூச்சு இழுத்துட்டு வர்ற நோயாளி. கடைசியா யார் கை நாடியில இருந்துச்சோ அவன்மேல பழி. ஆனா ஒழுங்கா மரணத் தணிக்கை பண்ணா முதல் கேள்வி "எப்போ நெஞ்சுவலி ஆரம்பிச்சுது?" அடுத்து "முதல்ல எங்க காமிச்சீங்க?" கடைசி டாக்டர் அந்த வரிசையில ரொம்பக் கீழ வருவார். வருவார், தப்பிக்க மாட்டார்.

எண்ணைக் காட்டி வாதாடறவங்களுக்கும் ஒண்ணு. ஐஸ் ஹாக்கியில கீப்பரை 'சேவ் சதவீதம்' வெச்சு அளக்கறாங்க. முப்பது ஷாட் வந்து மூணு உள்ள போனா 90. நல்ல கணக்குதான், ஆனா அந்த முப்பதும் தூரத்துல இருந்து வந்ததா, மூஞ்சிக்கு நேரா தனியா வந்து அடிச்சதான்னு அது சொல்லாது. சின்ன ஆஸ்பத்திரியில சாவு கம்மி, பெரிய ஆஸ்பத்திரி ஐசியூவுல அதிகம். ஏன்னா சீரியஸ் கேஸை எல்லாம் அங்கதானே அனுப்பறோம்! அதுக்காக ஐசியூ டாக்டர் மோசமா?

ஆனா அந்த ஐஸ் ஹாக்கிக்காரங்க ஒரு விஷயத்துல நம்மளைவிடப் பெரியவங்க. 2003 ஸ்டான்லி கோப்பை ஃபைனல்ல அனாஹெய்ம் ஏழாவது மேட்ச்ல தோத்தது. பிளேஆஃப் முழுக்க சிறந்த ஆட்டக்காரர் விருது? தோத்த டீமோட கீப்பர் ஜிகேருக்கு.

2018 சாம்பியன்ஸ் லீக் ஃபைனல்ல லிவர்பூல் கீப்பர் காரியஸ் ரெண்டு கோல் விட்டார், உலகமே சிரிச்சுது. அஞ்சு நாள் கழிச்சு பாஸ்டன்ல பரிசோதிச்ச டாக்டர்கள், அந்த மேட்ச்ல தலையில அடிபட்டு மூளை அதிர்ச்சி ஏற்பட்டிருக்கு, அது ஆட்டத்தைப் பாதிச்சிருக்கலாம்னாங்க. "இருக்கலாம்"தான், அடிச்சுச் சொல்லல. ஆனா சிரிக்கறதுக்கு முன்னாடி அந்த 'லாம்' நமக்கு வந்திருக்கணுமா இல்லையா?

"அப்போ கீப்பர் தப்பே பண்ண மாட்டாரா டாக்டர்?"னு கேப்பீங்க. பண்ணுவார். 2015-ல அந்த 90-வது நிமிஷம் கட்டிமணியோட தப்புதான், பூசி மெழுகல. ஒரு நிமிஷத்தை வெச்சு ஆளையே எடை போடறதுதான் அயோக்கியத்தனம்ங்கறேன். அதுக்குக் குறைஞ்சது ஒரு சீசன் வேணும், முடிஞ்சா ரெண்டு மூணு.

2022 மார்ச் 20. அதே ஃபடோர்டா. ஐஎஸ்எல் ஃபைனல், ஹைதராபாத்துக்கும் கேரளா பிளாஸ்டர்ஸுக்கும். 1-1, பெனால்டி ஷூட்அவுட். ஹைதராபாத் கீப்பர் மூணு பேரோட அடியைத் தடுத்தார், 3-1, கோப்பை அவங்களுக்கு. கீப்பர் பேர் லட்சுமிகாந்த் கட்டிமணி.

அன்னைக்கு ஒரு மீமும் என் குரூப்புக்கு வரல. நானும் அனுப்பல.