உயிர் தாங்கியிருத்தல் குற்றமோ?

புறநானூற்றின் 245 ஆம் பாட்டு ஏழே அடிகளால் ஆயது. சேரமான் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை, தன் பெருங்கோப்பெண்டு இறந்தபோது பாடியது என்பர். கள்ளி வளர்ந்த களர்நிலத்திலே, வெட்டவெளியிலே, விறகடுக்கி மூட்டிய நெருப்பைப் பாயலாக்கி மனைவியைக் கிடத்திவிட்டு நிற்கிறான் அரசன். அவள் மறைந்தாள், அவன் இருக்கிறான். உயிரைப் போக்கும் வலிமையில்லாத துயரத்தைப் பெரிதென்று எவ்வாறு சொல்வது என்று கேட்கிறான். தான் இன்னும் வாழ்வதை எண்ணித் திகைப்பதோடு பாட்டு முடிகிறது.

இப்பாட்டைக் கற்றோர் பலர் கூற நான் கேட்ட தீர்ப்பு ஒன்றுண்டு: மாக்கோதையின் காதல் குறையுடைய காதல் என்பதே அது. சான்றாக அவர்கள் காட்டுவது அடுத்த பாட்டு. 246 ஆம் பாட்டிலே, பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு கணவனுடைய ஈமத்தீயிலே புகச் செல்கிறாள். சான்றோர் தடுக்கின்றனர். அவளோ, தனக்குத் தீயும் தாமரைப் பொய்கையும் ஒன்றே என்கிறாள். நூலிலே அடுத்தடுத்து நிற்கும் இவ்விரு பாட்டுக்களையும் வகுப்பறையிலே தராசின் இரு தட்டுக்களில் இட்டுவிடுகிறோம். எரிந்தவளுக்கு முழுப்புள்ளி, எஞ்சியவனுக்குக் குறைபுள்ளி.

இத்தீர்ப்பு எனக்கு உடன்பாடன்று. மாக்கோதை மீது நாம் சுமத்தும் குற்றத்தை அவனே தன்மீது சுமத்திக்கொண்டான். பாட்டிலே கண்ணீர் இல்லை. இறந்தவளின் அழகை எடுத்தோதும் புலம்பல் இல்லை. தன் துயரத்தையே ஐயுறும் ஒருவனைத்தான் காண்கிறோம். இழந்தோர் அனைவரும் அறிந்த வேதனை இது. பசிக்கலாகாது என்று எண்ணிய வயிறு மறுநாள் பசிக்கிறது. மூடலாகாது என்று எண்ணிய கண் உறங்குகிறது. அது கண்டு மனம் நாணுகிறது. அந்த நாணத்தைக் காதலின் குறைவு என்போர் பாட்டின் உயிரையே தவறவிடுகின்றனர்.

பெருங்கோப்பெண்டின் பாட்டையும் நாம் பாதிதான் படிக்கிறோம். தீயிற் புகுமுன் அவள் எதை மறுக்கிறாள்? நெய்யில்லாத பிழிந்த சோறு, வேளைக்கீரை, எள்ளுத்துவையல், பாயின்றிப் பரற்கல்லின் மேற் படுக்கை: கணவனை இழந்தவளுக்கு அக்காலச் சமுதாயம் ஒதுக்கிய வாழ்வு அது. மனைவியை இழந்த மாக்கோதை மறுநாளும் அரசனே. கணவனை இழந்த அவளோ மறுநாள் முதல் கைம்பெண். ஆகவே, இரு பாட்டுக்களுக்கும் உள்ள வேறுபாடு காதலின் அளவு பற்றியதன்று. எஞ்சியவருக்கு விடப்பட்ட வாழ்வு பற்றியது. அவள் கற்பை வியப்போர், அவளைச் சூழ்ந்திருந்த உலகத்தின் கொடுமையைக் காணாது விடுகின்றனர்.

தொல்காப்பியர் நம்மினும் பரந்த நெஞ்சினர். காஞ்சித்திணையிலே, கணவனோடு தீப்புகுவாளுக்கு ஒரு துறை வகுத்த அவரே, மனைவியை இழந்தவனுக்குத் தபுதார நிலையையும், கணவனை இழந்து நோற்பவளுக்குத் தாபத நிலையையும் வகுத்தார். இறந்தாரோடு இறந்தவருக்கு மட்டுமன்றி, எஞ்சி நின்றவருக்கும் இலக்கணம் இடமளித்தது. அந்த இடத்தை நாம் ஏன் மறுக்க வேண்டும்?

இஃது ஏட்டளவில் நிற்கும் வழக்கன்று. 2009 ஆம் ஆண்டு முடிவுற்ற போர் இந்நாட்டிலே எத்தனையோ பெண்களைத் துணையற்றோராக்கியது. அவர்கள் தீயிற் புகவில்லை. தையற்பொறியின் முன் அமர்ந்தனர், தோட்டம் கொத்தினர், பிள்ளைகளைப் படிக்க அனுப்பினர். உடன் இறத்தலே உயர்ந்த காதல் என்று ஆசிரியர் கூறும்போது, அந்தப் பிள்ளை தன் தாயைப் பற்றி என்ன எண்ணும்?

ஆசிரியர்க்கு என் வேண்டுகோள் ஒன்றே. யாருடைய காதல் சிறந்தது என்ற வினாவை விட்டுவிடுங்கள். இரு பாட்டுக்களையும் சேர்த்துப் படிப்பித்து, இவ்விருவருக்கும் எஞ்சியிருந்த வாழ்வு எத்தகையது என்று கேளுங்கள். மாக்கோதை தன்னையே கேட்டுக்கொண்ட கேள்விக்கு அவன் விடை கூறவில்லை. அவனுக்காக நாம் விடை கூற முந்துதல் முறையன்று. அதுவும் தண்டனையாக ஒரு விடை கூறுதல் சற்றும் முறையன்று.